தானாக வருகிற வாசனை

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை எங்கள் வீட்டில் பால் தீய்ந்தது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

பாலை அடுப்பில் வைத்துவிட்டு, சமையலறைக்கு அடுத்த கூடத்தில் உட்கார்ந்து அலுவலகத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அடுப்புக்கும் எனக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது. கதவும் திறந்தேதான் இருந்தது. வேலை முடிந்து வந்த என் மனைவி மைதிலி மாடிப்படியிலேயே கத்த ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன்னா, உள்ளதானே இருக்கேள்? பால் தீயற நாத்தம் கீழ் வாசல் வரைக்கும் வரது. உங்களுக்குத் தெரியலையா?"

"போன்ல பேசிண்டிருந்தேன்" என்றேன்.

போன் அவள் கண்ணெதிரே சுவரோரமாக சார்ஜரில் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஜன்னலைத் திறந்துவிட்டாள். நான் கரிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்க்கப் போனேன். பாத்திரத்தை முகத்துக்கு நேராகத் தூக்கி முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. இரும்பும் தண்ணீரும் எப்படியோ அப்படித்தான் இருந்தது தீய்ந்த பாலும்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். என் வேலையைச் சொன்னால் புரியும். நான் பிரான்ஸில் பர்கண்டி என்கிற பகுதியில், டிஜோனுக்குத் தெற்கே ஒரு சிறிய ஊரில், ஒயின் வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். இருபது வருஷமாக எனக்கு அங்கே சம்பளம் கொடுப்பது என் மூக்குக்காக.

2

இந்தப் பகுதியின் உயர்ந்த சிவப்பு ஒயினைப் பார்த்தால் நம்மவர்கள் ஏமாந்துபோவார்கள். விலையைக் கேட்டுவிட்டு மை மாதிரி கருஞ்சிவப்பை எதிர்பார்ப்பார்கள். இதுவோ மாதுளம்பழச் சாற்றில் தண்ணீர் கலந்த மாதிரி, அந்தப் பக்கத்து விரல் தெரிகிற அளவுக்கு வெளிறி இருக்கும். ஒரே ஒரு திராட்சை வகை. அது வளர்கிற சரிவு நூறடி தள்ளிப்போனால் ஒயினும் மாறிவிடும். பொமார் என்கிற ஊரில் துவர்ப்பு தூக்கலாக இருக்கும், பக்கத்து ஊரான வோல்னேயில் அதே பழம் பூவாக மணக்கும். எந்தப் பீப்பாய் எந்தத் தரம், எதில் குறை, எதை இன்னும் ஒரு வருஷம் விட்டுவைக்க வேண்டும் என்று சொல்வதற்கு நாங்கள் நான்கு பேர். வடக்கு வெளிச்சம் விழும் அறை, வெள்ளைத் துணி விரித்த மேஜை, கோப்பைகள், துப்புவதற்கு ஒரு வாளி. தாளில் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது.

திருச்சியில் ரசாயனம் படித்துவிட்டு, நொதித்தல் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவன் நான். அந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஒருநாள் சுவைக்கும் மேஜைக்கு ஆள் குறைகிறது என்று ஆய்வுக்கூடத்திலிருந்து யாரையாவது சோதித்துப் பார்க்கக் கூப்பிட்டார்கள். மேஜையின் தலைவி ஒதில். அப்போதே நரைத்த முடி, சிரிக்காத முகம். என் முன்னால் எட்டுக் கோப்பைகளை வைத்துவிட்டுப் போனாள். அரைமணியில் எட்டுத் தாளையும் நிரப்பிக் கொடுத்தேன்.

அவள் தாள்களைப் பார்த்தாள். கோப்பைகளைப் பார்த்தாள். எட்டிலும் ஊற்றிய அளவு அப்படியே இருந்தது.

"நீங்கள் வாயில் வைக்கவே இல்லையா?"

"இல்லை."

"மூன்றாவது ரொம்பத் துவர்க்கும் என்று எழுதியிருக்கிறீர்களே?"

"பச்சைக் காம்பு வாசனை வந்தது. காம்போடு புளிக்கப் போட்டிருந்தால் துவர்க்கத்தானே வேண்டும்?"

அவள் மூன்றாவது கோப்பையை எடுத்துச் சுவைத்துத் துப்பினாள். பிறகு, "இங்கே வாயில் வைத்தும் பார்க்க வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்" என்றாள்.

வைத்தேன். எப்படி வைத்தேன் என்கிறீர்கள்? கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கி, உதட்டில் படாமல், அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். எங்கள் வீட்டில் தண்ணீர், காப்பி எதுவானாலும் அப்படித்தான். எச்சில் பட்ட டம்ளரை அம்மா தனியாகத்தான் கழுவுவாள். தண்ணீர் ஒழுங்காகத் தொண்டைக்குள் போகும். அகல வாய்க் கோப்பையில் இருக்கிற ஒயின் போகுமா? பாதி சட்டையில். ஒதில் சிரித்து அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தோம் என்று ஆய்வுக்கூடத்துப் பழைய ஆட்கள் சொன்னார்கள்.

வேலை உறுதியானதும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"குடிக்கற வேலையாடா?"

"இல்லைம்மா. மோந்து பார்க்கணும், வாயில வெச்சுண்டு துப்பிடணும்."

"துப்பறதுக்கா சம்பளம் தரா?"

இருபது வருஷமாக ஒரு வாய்கூட விழுங்கியதில்லை என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அதில் முக்கால்வாசி உண்மை.

3

அன்றைக்கு நான் வாயில் வைக்காததற்கு வீறாப்பு காரணமில்லை. வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுச் சமையலை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

எங்கள் பாஷையில் சமையலுக்குத் தளிகை என்று பெயர், ரசத்துக்குச் சாத்தமுது. செய்ததை முதலில் வீட்டுப் பெருமாளுக்குக் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சொட்டு யார் நாக்கிலும் படக்கூடாது. உப்பு சரியா என்று கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கிற வழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. அப்படியானால் உப்பு சரியா என்று எப்படித் தெரியும்? மூக்கால்தான். உப்பு விழாத சாத்தமுது கொதிக்கும்போது புளி மட்டும் தனியாக எழும்பும். உப்பு சேர்ந்ததும் புளி பின்வாங்கி, பெருங்காயம் முன்னால் வரும். அம்மா தலையைத் திருப்பாமல் அம்மியடியிலிருந்தே, "இன்னும் அரைக் கல்லு போடணும்" என்பாள். ஒருநாளும் தப்பியதில்லை.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கொஞ்சம் கடுமையான வீடுகளில் பெருமாளுக்கு முன்னால் முகர்ந்து பார்ப்பதும் தப்பு. முகர்ந்தால் அனுபவித்த மாதிரி ஆகிவிடுமாம். அத்தை ஒருத்தி வந்து இதை ஒருநாள் குத்திக்காட்டினாள். அம்மா கரண்டியைக் கீழே வைக்காமல் பதில் சொன்னாள்.

"மூக்கை நீட்டி மோந்தாத்தான் தப்பு. தானா வர வாசனைக்கு நான் என்ன பண்ணுவேன்? மூச்சை நிறுத்திண்டா தளிகை பண்ண முடியும்?"

என் தொழில் முழுக்க அந்த ஒரு பதிலில் இருக்கிறது. மற்ற மூவரும் கோப்பையைச் சுழற்றி மூக்கை உள்ளே நுழைப்பார்கள். நான் மார்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பேன். முதலில் செர்ரி வரும், அப்புறம் ஈர இலை, கடைசியில் ஏதாவது குறை இருந்தால் அது தயங்கித் தயங்கி வரும். தக்கையில் பூஞ்சை பிடித்த வாசனை எப்போதுமே கடைசியாகத்தான் வரும். செர்ரியும் ராஸ்பெர்ரியும் எனக்கு முப்பத்துமூன்று வயதில்தான் பழக்கம். சூப்பர் மார்க்கெட்டில் ஜாம் பாட்டில்களை வாங்கிவந்து வரிசையாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு படித்தேன். எங்கள் பெண் ஸ்ரீநிதிக்கு அப்போது நாலு வயது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். தமிழில்தான் சொல்வாள், "இது புளிப்புச் சிவப்பு, இது தித்திப்புச் சிவப்பு" என்று.

4

அக்டோபரில் ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்து நாளில் போயிற்று. போகும்போது வாசனையை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

ஒரு வாரத்தில் வரும் என்றிருந்தேன். தீபாவளி போயிற்று, கிறிஸ்துமஸ் வந்தது. காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்கப் போனில் நேரம் கேட்டேன். திருச்சியில் பாலக்கரையில் ஒரு வாத்தியாரிடம் கற்ற பிரெஞ்சு இன்னும் என்னை அவசரத்தில் காலை வாரும். "என் மூக்கு தொலைந்துவிட்டது" என்று சொல்லித் தொலைத்தேன். போனை எடுத்த பெண் பதறிப்போய் விபத்தா என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும், "மூச்சு விட முடிகிறதா?" என்றாள். முடிகிறது என்றேன். "அப்படியானால் அவசரமில்லை" என்று ஐந்து மாதம் தள்ளித் தேதி கொடுத்தாள்.

இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் உண்டு. நிறுவனத்தின் மருத்துவப் பரிசோதனைக்கு ஒன்று வந்தது. 'உங்கள் பணியைப் பாதிக்கும் குறைபாடு ஏதும் உண்டா?' உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். 'இல்லை' என்பதில் குறி போட்டேன். மார்ச்சில் வருடாந்தரச் சோதனை வேறு இருந்தது. சுத்தமான ஒயினில் ஒரு சொட்டுக் குறையைக் கலந்து வைப்பார்கள், கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காதவனுக்கு மேஜையில் இடமில்லை. ஐம்பத்துமூன்று வயதில் மூக்கில்லாத மூக்குக்காரனை வேறு எங்கே எடுத்துக்கொள்வார்கள்? எனக்கு பயமாக இருந்தது. பயத்தைவிட அவமானம் அதிகமாக இருந்தது. மைதிலியிடம்கூடச் சொல்லவில்லை.

எப்படி ஓட்டினேன் என்று கேட்டால், கண்ணாலும் நாக்காலும் பொய்யாலும். புளிப்பும் துவர்ப்பும் நாக்கில் இருந்தன. நிறத்தைப் பார்த்து வயதைச் சொல்லலாம். பீப்பாயின் ஊர் தெரிந்தால் மீதியை இருபது வருஷ ஞாபகத்திலிருந்து எடுத்து எழுதிவிடலாம். குறைகளைத்தான் பிடிக்க முடியாது. நவம்பரில் ஒரு வோல்னே பீப்பாய்க்கு நல்ல மதிப்பெண் போட்டேன். அறையை விட்டு வெளியே வரும்போது மற்ற இருவர் முகத்தையும் பார்த்தேன். ஏதோ சரியில்லை என்று தோன்றியது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒதில் ஒரு புதுப் பழக்கம் பிடித்துக்கொண்டாள். என் பக்கத்து நாற்காலிக்கு மாறிவந்தாள். எழுதுவதற்கு முன்பே, "இதில் கொஞ்சம் தக்கை நாற்றம் இல்லை?" "இது குதிரை லாயம் மாதிரி இருக்கிறதே" என்று முணுமுணுக்க ஆரம்பித்தாள். மேஜையில் பேசக்கூடாது என்ற விதியைப் போட்டதே அவள்தான். ஓய்வு பெறப்போகிற வயதில் வாய் நீள்கிறது என்று எனக்கு எரிச்சல். ஆனாலும் அவள் முணுமுணுத்ததைத்தான் எழுதினேன்.

ஸ்ரீநிதி லியோனில் படிக்கிறாள். வந்தால் பிரெஞ்சில்தான் பேசுவாள், நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள், எங்கள் வீட்டில் இது பழகிப்போய்விட்டது. அந்தக் கிறிஸ்துமஸில் ஒரு பாட்டில் வாங்கிவந்து, ஒரு கோப்பை ஊற்றி என்னிடம் நீட்டினாள். எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"நன்னாயிருக்கு" என்றேன்.

"அவ்வளவுதானா? முன்னெல்லாம் பத்து நிமிஷம் பேசுவாய், நாங்கள் ஓடி ஒளிவோம்" என்றாள், பிரெஞ்சில்தான். பிறகு மொபைலை எடுத்துக்கொண்டாள். அவளும் நானும் பேசிக்கொள்ள அந்த ஒரு விஷயம்தான் மிச்சமிருந்தது.

5

ஜனவரியில் பத்து நாள் ஸ்ரீரங்கம் போனேன். அப்பா போனதிலிருந்து அம்மா, அக்கா பத்மாவோடு இருக்கிறாள். அக்கா கணவர், என் அத்திம்பேர், முசிறியில் ஒரு வங்கிக் கிளையில் இருந்து, தினமும் பஸ்ஸில் போய்வந்து, ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, இப்போதும் அடுப்படி அவளிடம்தான். மார்கழி, அதனால் விடியற்காலையிலேயே தளிகை முடிந்துவிடும். தெருவெல்லாம் நெய் மணக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

முதல் நாள் சாப்பாட்டில் சாத்தமுதை வாயில் வைத்ததும் தூக்கிவாரிப் போட்டது. கடல் தண்ணீர். என் நாக்கில் உப்புக்கு ஒரு குறையும் வரவில்லையே, நன்றாகவே தெரிந்தது. நிமிர்ந்தேன். அக்கா கண்ணாலேயே 'பேசாதே' என்றாள். அத்திம்பேர் இலைக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க். "தொண்டை கரகரங்கறது" என்று சொல்லிக்கொண்டு சாத்தமுதில் வெந்நீரை ஊற்றிப் பிசைந்தார். "அம்மா, இன்னும் கொஞ்சம்" என்று கேட்டும் வாங்கிக்கொண்டார்.

அம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மாடியில் துணி உலர்த்தும்போது அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருஷம் இருக்கும்டா. ஒருநாள் கரிக்கும், ஒருநாள் சப்புன்னு இருக்கும். அவளுக்கு வாசனை போயிடுத்து. ஊதுவத்தி ஏத்தினது தெரியாம இன்னொண்ணு ஏத்தறா."

"அவ சாப்பிடறச்சே தெரியாதோ?"

"எங்க தெரியறது? பிரஷர்னு தில்லை நகர் டாக்டர் உப்பே கூடாதுன்னுட்டார். அவளுக்கு வெறும் பருப்பும் மோரும் தனியா. அவ பண்ற தளிகையை அவ வாயில வெச்சே ரெண்டு வருஷமாச்சு."

"சொல்லக்கூடாதோ?"

அக்கா ஈரத் துணியை உதறினாள். "முதல்ல சாப்பிடறவர் பெருமாள். அவரே ஒண்ணும் சொல்லாம இருக்கார். நாம என்னத்தைச் சொல்றது?"

சிரித்தோம். என்னுடையதையும் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

6

பால் தீய்ந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அம்மா வீடியோவில் வந்தாள். போனை டம்ளரில் சாய்த்து வைத்திருந்ததால் பாதி முகமும் மீதி கூரையும் தெரிந்தன. அக்காவும் அத்திம்பேரும் கோயிலுக்குச் சேவிக்கப் போயிருந்தார்கள். மைதிலி கடைக்குப் போயிருந்தாள். எனக்கு அசதியாக இருந்தது. நாலு மாதம் ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு திரிந்த அசதி. யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"அம்மா, எனக்கு வாசனை தெரியலைம்மா. அக்டோபர்லேர்ந்து. வேலை போயிடும் போல இருக்கு."

அம்மா எழுந்து போய் வாசல் கதவைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்கும்தாண்டா."

"என்னம்மா?"

"ரெண்டு வருஷமாச்சு. பெருங்காயம்கூட வரலை. முதல்ல அழுகையா வந்தது. அப்புறம் பழகிடுத்து."

"எப்படிம்மா தளிகை பண்றே?"

"கைதான். கல்யாணம் ஆனதுலேர்ந்து போடற கை, அதுக்கு அளவு தெரியாதா? ஒருத்தருக்கும் தெரியாதுடா. இந்த ரெண்டு வருஷத்துல ஒருநாள் ஒரு குறை சொன்னதில்லை யாரும். மாப்பிள்ளை ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிக்கறார். நீயே சாப்ட்டியே ஜனவரில."

நான் தலையாட்டினேன்.

"பத்மாகிட்ட மூச்சு விட்டுடாதே. தெரிஞ்சா அடுப்படியை விட்டு எழுப்பி உக்கார வெச்சுடுவா. உக்காந்துண்டு நான் என்னடா பண்ணுவேன்?" பிறகு பாதி முகத்தால் சிரித்தாள். "நீயும் யார்கிட்டயும் சொல்லாதே. கை பாத்துக்கும். யாராவது ஏதாவது சொன்னாளா இதுவரைக்கும்?"

"இல்லைம்மா. யாரும் ஒண்ணும் சொல்லலை."

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவை யாரும் குறை சொல்லாதது ஏன் என்று எனக்குத் தெரியும். என்னை யாரும் குறை சொல்லாதது ஏன் என்று நாலு மாதமாக நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

7

திங்கட்கிழமை காலை ஆறு கோப்பைகள். முதல் கோப்பையை எடுத்தேன். ஒதில் என் பக்கம் சாய்ந்து, "இதில் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தாள்.

பேனாவை மூடி வைத்தேன். "சொல்லாதீர்கள். எனக்கு வாசனை தெரியவில்லை."

மற்ற இருவரில் ஒருவர் கோப்பையைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார், ஏற்கெனவே துடைத்த கோப்பைதான்.

"தெரியும்" என்றாள் ஒதில். "அந்த வோல்னேயிலிருந்து தெரியும். அதில் அழுகிய முட்டை நாற்றம். வாசற்படியிலேயே எங்களுக்கு வந்துவிட்டது."

"நவம்பரிலிருந்து நான் போட்ட மதிப்பெண்களெல்லாம்? தோட்டக்காரர்கள் பாவமில்லையா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். அந்தத் தயக்கத்தில் அவள் எவ்வளவு நல்லவள் என்று தெரிந்தது.

"உங்கள் தாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை" என்றாள். "மூன்று தாள்தான். யாருக்கும் நஷ்டமில்லை."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நீங்கள் வரமாட்டீர்களே என்றாள். வாசனை திரும்பிவிடும் என்று நினைத்தார்களாம், என் நாற்காலி காலியாகிவிடக் கூடாது என்று நினைத்தார்களாம். மறுபடியும் ஆய்வுக்கூடத்தில் எனக்கு இடம் கேட்டிருப்பதாகவும், புளிப்பை அளக்க மூக்கு வேண்டாமே என்றும் சொன்னாள். எல்லாம் அன்பினால் செய்தது. எனக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஒரு வாக்கியம் மட்டும் போகவில்லை. நாலு மாதம் தலை குனிந்து, கவனமாக, கூட்டெழுத்தில் நான் எழுதிய தாள்களை அவர்கள் வாங்கி, நன்றி சொல்லி, ஓரமாக வைத்திருக்கிறார்கள்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் அக்கா கூப்பிட்டாள்.

"டேய், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அத்திம்பேருக்கும் பிரஷர் ஏறியிருக்கு. இனிமே முடியாது. அம்மாகிட்டச் சொல்லித்தான் ஆகணும். நீ சொன்னா தாங்கிப்பா. சொல்றியா?"

முந்தின நாள் கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன்.

"அத்திம்பேருக்கும் டாக்டர் உப்பு கூடாதுன்னுட்டார்னு சொல்லிடுக்கா. அவருக்கும் தனியா எடுத்து வெச்சுடுவா. நீங்கள்லாம் எப்படியாவது சாப்பிடுங்கோ. அம்மாகிட்ட மட்டும் சொல்லாதே."

"ஏண்டா, எத்தனை நாளைக்கு இப்படியே ஏமாத்தறது? அவ தெரிஞ்சுண்டா தாங்கமாட்டாளா என்ன?"

"தாங்கமாட்டாக்கா" என்றேன். "இன்னிக்குக் காலம்பற இங்க என் ஆபீஸ்காரா என்கிட்டச் சொல்லிட்டா. என்னாலயே தாங்க முடியலை."